இந்தியாவில் இணையச் சமநிலை: கட்டண விதியிலிருந்து அனுமதிப் பட்டியல் வரை

இணைய இணைப்பை வழங்கும் நிறுவனம், தன் வலையமைப்பின் வழியே செல்லும் தரவுகளில் எதற்கும் தனிச் சலுகையோ தடையோ காட்டாமல் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கொண்டு சேர்க்க வேண்டும் என்னும் கொள்கையே நெட் நியூட்ராலிட்டி எனப்படும் இணையச் சமநிலை ஆகும். அமெரிக்கச் சட்ட அறிஞர் டிம் வூ 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் பரவலான இக்கருத்து, இந்தியாவில் பெரும்பாலும் கட்டணம் பற்றிய கேள்வியாகவே எழுந்தது. பெரும்பாலோர் செல்பேசியில் ரீசார்ஜ் செய்து பெறும் டேட்டாவைக் கொண்டே இணையத்துக்குள் நுழைந்த நாட்டில் அது இயல்பானதே.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்தவுடன் பின்வாங்கியது. இதையடுத்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச்சில் 20 கேள்விகளுடன் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட, அதற்குப் பொதுமக்களிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. கட்டண விதி என்னும் வறண்ட பொருளுக்காக இத்தனை பேர் எழுத முன்வந்தது இந்தியக் குடிமை வாழ்வில் அரிய நிகழ்வாகும்.

விவாதத்தின் மையத்தில் நின்றது ஃபேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க் திட்டம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கப்பட்டு, பின்னர் ஃப்ரீ பேசிக்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட இது, குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றித் திறந்துவிட்டது. இணைப்பே இல்லாத ஏழைக்குச் சில தளங்களேனும் கிடைப்பது நன்மையே என்ற வாதத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. ஆயினும் பட்டியலுக்குள் வரும் தளங்களுக்கான நிபந்தனைகளை வகுக்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்ததால், புதிதாக வருபவருக்கு அந்தப் பட்டியலே இணையமாகிவிடும் என்பதுதான் எதிர்த்தவர்களின் அச்சம். டிராய் இவ்வச்சத்தை ஏற்றது. மக்களில் பெரும்பகுதியினர் இன்னும் இணைக்கப்படாத நாட்டில், அணுகலின் தன்மையை வரையறுக்கும் அதிகாரத்தைச் சேவை நிறுவனங்களிடம் விடுவது அவர்களது இணைய அனுபவத்தையே நிறுவனங்கள் வடிவமைக்க விடுவதாகும் எனக் கருதி, 2016 பிப்ரவரி 8 அன்று உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச வரம்பாக 50 லட்சம் ரூபாய் எனத் தண்டமும் விதித்தது.

தடுத்தல், வேகம் குறைத்தல், முன்னுரிமை தருதல் ஆகியவற்றையும் விலக்கும் நிபந்தனைகள் 2018இல் நிறுவனங்களின் உரிமங்களில் சேர்க்கப்பட்டன. ஆனால் அவ்விதிகள் கட்டுப்படுத்தியது நிறுவனத்தின் கையை மட்டுமே. அதே ஆண்டு மே மாதம், தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டையடுத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு ஆணையால் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய நீண்ட முடக்கத்துக்குப் பின், 2020 ஜனவரியில் இணையம் ஓரளவு திரும்பியபோது, சமூக ஊடகங்கள் நீங்கலாக 301 தளங்கள் கொண்ட ஓர் அனுமதிப் பட்டியலோடு மட்டுமே அது திரும்பியது. எந்தத் தளங்களைக் காணலாம் என்பதைப் பயனருக்காக இன்னொருவர் முடிவு செய்யும் அதே முறை, இம்முறை அரசின் கையொப்பத்தோடு வந்தது.