பழைய டர்போபிராப் பயணி விமானங்களின் தரையோட்டமும் எஞ்சின் நிறுத்தமும்

தரையோட்டம் என்பது விமானம் தன் சக்கரங்களின் மீது நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே செல்லும் ஓட்டமாகும். இவ்வோட்டத்தின்போது ஓர் எஞ்சினையோ ஓரிணை எஞ்சின்களையோ நிறுத்திவிட்டு மற்றவற்றால் விமானத்தை நகர்த்தும் வழக்கம் டர்போபிராப் பயணி விமானங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எரிபொருள் மிச்சம் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எனினும், 1950களிலும் 60களிலும் வந்த விமானங்களைப் பொறுத்தவரை எந்த எஞ்சினை நிறுத்துவது என்பதைவிட எந்த எஞ்சினை ஓடவிடுவது என்பதே முதன்மையான கேள்வியாக இருந்தது. மின்சாரம், பிரேக்குக்கும் முன்சக்கரத் திருப்பத்துக்கும் வேண்டிய அழுத்தம், அடுத்த எஞ்சினைக் கிளப்பும் திறன் ஆகிய அனைத்தும் ஓடும் எஞ்சினிடமிருந்தே கிடைக்கவேண்டியிருந்தன.

டர்போபிராப் என்பது வளிமச் சுழலியின் (டர்பைன்) ஆற்றலைக் கொண்டு உந்துவிசிறியைச் (புரொப்பெல்லர்) சுழற்றும் எஞ்சின். 1953 ஏப்ரலில் முறையான பயணிச் சேவைக்கு வந்த விக்கர்ஸ் வைகவுன்ட், பின்னர் வந்த ஃபாக்கர் எஃப்27 பிரண்ட்ஷிப், ஆவ்ரோ 748 ஆகிய மூன்றும் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சினைக் கொண்டவை. இந்தியன் ஏர்லைன்ஸ் இம்மூன்றையும் இயக்கியது. ஆவ்ரோ கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டது. ஏர் சிலோனிடமும் அவ்வகை விமானம் இருந்தது. டார்ட்டில் காற்றமுக்கி, சுழலி, பற்சக்கரப் பெட்டி வழியாக உந்துவிசிறி ஆகிய யாவும் ஒரே தண்டில் பிணைந்திருப்பதால், எஞ்சின் ஓடும்வரை விசிறியை நிறுத்திவைக்க வழியில்லை. அதன் ஓய்வோட்டம்கூடச் செவியைத் துளைக்கும் கீச்சொலி உடையது என்பதை அக்கால விமான நிலையங்களில் நின்றவர்கள் அறிவர்.

ஒற்றைத் தண்டு அமைப்பில் விசிறி இதழ்களின் சாய்கோணமே தரையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டார்ட்டின் இதழ்கள் பறக்கும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே செல்லாதபடி தடுப்பு ஒன்று காக்கிறது. தரையிறங்கியதும் அத்தடுப்பு விலக்கப்பட்டு, இதழ்கள் ஏறக்குறைய சுழியக் கோணமாகிய தரை நுண்கோணத்துக்கு வருகின்றன. அந்நிலையில் விசிறி இழுவிசை தராமல் தட்டைத் தகடுபோல் சுழன்று காற்றைத் தடுப்பதால், ஓடுபாதையில் அதுவே ஒரு பிரேக்காகவும் பயன்பட்டது. தடுப்பு விலகாமல் இதழ்கள் கூடுதல் கோணத்தில் நின்றுவிட்டால், குறைந்த வேகத்தில் சுழலும் எஞ்சின் அச்சுமையைத் தாங்காது சுழலியின் வெப்பநிலை ஏறும். எஞ்சினைக் கிளப்பும்போதும் இதே சிக்கல் உண்டு: கிளப்பும் மோட்டார் விசிறியையும் சேர்த்தே சுற்றவேண்டும்; மின்கலம் தளர்ந்திருந்தால் வேகம் மெல்ல ஏற, எரிபொருளோ எரிந்துகொண்டே இருக்க, சில நொடிகளில் சுழலி இதழ்கள் கருகக்கூடும். பின்புறமிருந்து வீசும் காற்று இதனை மேலும் மோசமாக்கும் என்பதால், கிளப்பும்போது விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்துவது விரும்பப்பட்டது.

வெளியிலிருந்து மின்சாரம் தரும் தரை மின்வண்டி இல்லாத சிறு நிலையங்களில், ஆவ்ரோ போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களின் குறுகிய நிறுத்தத்தில் இடது எஞ்சினை மட்டும் நிறுத்தி, வலது எஞ்சினை ஓடவிட்ட வழக்கத்துக்கு, தளர்ந்த மின்கலத்தால் கிளப்பும் இந்த இடரே அடிப்படை. பயணிகள் ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம் இருப்பதால் அப்பக்கத்து விசிறி நின்றாக வேண்டும். வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்குப் புலப்படாது என்பதும், இதழ் நுனிகளுக்குப் பூசிய மஞ்சள் அல்லது வெள்ளை வண்ணம் மங்கிய வளையமாக மட்டுமே தெரியும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. வலது எஞ்சினின் ஜெனரேட்டர் மின்கலத்துக்குத் துணைநிற்க, இடது எஞ்சினை மீண்டும் கிளப்புவது எளிதாயிற்று. ஒரு பக்க எஞ்சினால் மட்டும் நகரும்போது விமானம் நின்ற எஞ்சினின் பக்கமாகத் திரும்ப முனையும். அப்பக்கம் வளைவது எளிது, எதிர்ப்பக்கம் குறுகிய வளைவு எடுப்பது கடினம். நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்க ஓடும் எஞ்சினுக்குக் கூடுதல் விசை தரவேண்டியிருப்பதால், பின்னால் நிற்போர்மீது அடிக்கும் காற்றும், எழும் கல்லும் தூசியும் மிகும்.

நான்கு எஞ்சின் கொண்ட விமானங்களில், இருபுறமும் ஒத்த இடத்திலுள்ள இணையை நிறுத்திச் சமநிலை குலையாமல் செல்ல முடியும். இவற்றுள் 1959 ஜனவரியில் சேவைக்கு வந்த லாக்ஹீட் எலெக்ட்ரா தனித்துப் பேசத்தக்கது. அதன் ஆலிசன் 501 எஞ்சின் பறக்கும்போது நிமிடத்துக்கு 13,820 சுற்று என்ற மாறா வேகத்தில் ஓடுகிறது. விசைநெம்பை முன்னே தள்ளினாலும் வேகம் மாறாது, இதழ்க்கோணமும் எரிபொருளும் மட்டுமே மாறும். இவ்வேகத்திலேயே தரையில் நகர்ந்தால் விசிறிகளின் இரைச்சல் தாங்கமுடியாதது என்பதால், சுமார் 10,000 சுற்றுக்கு இறங்கும் குறைவேக ஓய்வோட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் மாறுமின்சாரத்தின் அதிர்வெண் எஞ்சின் வேகத்தோடு கட்டுண்டதாகையால், குறைவேகத்தில் ஓடும் எஞ்சினின் மின்சாரம் பயன்படாது. குறைந்தது ஓர் எஞ்சினாவது முழுவேகத்தில் இருந்தாக வேண்டும். அதன் எஞ்சின்கள் அழுத்தக் காற்றால் கிளப்பப்படுபவை. ஓர் எஞ்சின் ஓடினால் அதிலிருந்து பிரியும் காற்றே மற்றவற்றுக்குப் போதும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாலோ வெளியிலிருந்து காற்றுவண்டி வரவேண்டும். அணைத்த எஞ்சினின் விசிறி காற்றில் தானே சுழன்றுகொண்டிருக்காதபடி பற்சக்கரப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரேக்கும் வைக்கப்பட்டது.

நிறுத்தும் முறையும் எல்லா எஞ்சின்களுக்கும் ஒன்றன்று. பொதுவாக, சூடான சுழலி சீரான வெப்பநிலைக்கு வரச் சிறிது நேரம் ஓய்வோட்டத்தில் விட்டு, பின்னரே எரிபொருள் அடைக்கப்படும். விசிறி ஓயும்போது உள்ளே உரசல் ஒலி எழுகிறதா என்று செவிமடுப்பது தேர்ந்த ஊழியரின் பழக்கம். மெட்ரோ, ஜெட்ஸ்ட்ரீம் 31 ஆகிய சிறு விமானங்களில் உள்ள காரெட் டிபிஇ331 எஞ்சினுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. எரிபொருளை அடைத்தவுடன் விசைநெம்பைப் பின்னோக்கி, எதிர்விசைப் பகுதிக்கு இழுத்துப்பிடித்தால்தான் இதழ்கள் தட்டைக் கோணத்தில் சிறு பூட்டுகளால் பிடிக்கப்படும். இழுக்க மறந்தால் வில்லும் எதிர்ப்பளுவும் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும் ‘ஃபெதர்’ நிலைக்குத் தள்ளிவிட, அடுத்த கிளப்பலில் மோட்டார் திணறும். தவிர, நின்ற எஞ்சினுள் சூடு மேலே தங்குவதால் தண்டு மிகச் சிறிதளவு வளையக்கூடும். நிறுத்திய விமானத்தருகே சென்று விசிறியைக் கையால் சில சுற்று சுழற்றும் விமானி அச்சூட்டையே பரவலாக்குகிறார்.

இத்தனைக்குப் பின்னும், தரையிறங்கி உள்ளே வரும் ஓட்டத்தில் எஞ்சினை நிறுத்துவதே பரவலாக ஏற்கப்பட்டது. ஏனெனில், வெளியே செல்லும்போது ஓடுபாதை அருகில் கடைசி எஞ்சினைக் கிளப்புவது, புறப்பாட்டுச் சரிபார்ப்புகள் குவியும் நேரத்தில் விமானிகளின் கவனத்தைச் சிதறடித்தது.

உந்துவிசிறிக்குத் தனிச் சுழலி கொண்ட எஞ்சின்கள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தின. 1957இல் சேவைக்கு வந்த பிரிஸ்டல் பிரிட்டானியாவின் புரோட்டியஸ் அத்தகையதே. அவ்வமைப்பின் முழுப்பயனை 1984இல் முதலில் பறந்த ஏடிஆர் 42 காட்டியது: அதன் வலது விசிறியைப் பிரேக்கிட்டு அசையாமல் நிறுத்தியபின்னும் எஞ்சினின் உட்பகுதி மட்டும் சுழன்று மின்சாரமும் குளிர்காற்றும் தரும். ‘ஹோட்டல் நிலை’ என்றழைக்கப்படும் இம்முறை, ஆவ்ரோவின் வலது எஞ்சின் செய்துவந்த அதே வேலையைச் சுழலும் விசிறியின் ஆபத்தின்றிச் செய்கிறது.