ஒரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலின் கதை

எமது கல்லூரிப் பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரலின் கடைசிப் பக்கங்களை ஒருமுறையேனும் புரட்டாத பழைய மாணவி இருக்கமாட்டார். ஞாபகார்த்தப் பரிசுகளின் பட்டியல் அது. பெற்றோரின் பெயரில் நிதியம் அமைக்க விரும்பும் குடும்பங்களின் கடிதங்கள் இன்றும் எமது சங்கத்துக்கு வருகின்றன. தொகை எவ்வளவு என்பது விரைவில் முடிவாகிவிடும். அது யாருக்குப் போகவேண்டும் என்பதில்தான் எமது கூட்டங்கள் நீளும். அந்தக் கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் தம்பதியர் ஒருவரின் வரலாற்றில் நல்ல விடையொன்று உண்டு.

லீற்றா ஸ்ரெற்றர் 1886இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். 1906இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியையானார். அங்கே உடன்படித்த ஹரி ஹொலிங்வேர்த் உளவியல் பயில நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1908ஆம் ஆண்டின் கடைசி நாளில் இருவரும் அந்நகரில் மணமுடித்தனர். தாமும் படிப்பித்துக் குடும்பத்தைத் தாங்கலாம் என்றிருந்தார் லீற்றா. ஆனால் மணமான பெண்களை அந்நகரப் பாடசாலைகள் ஆசிரியைகளாக ஏற்பதில்லை. மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கேட்டார். பெண் என்பதால் அதுவும் கிட்டவில்லை. சமைத்தார், தைத்தார், சிறுகதைகள் எழுதிப் பார்த்தார். கதைகளை எந்தச் சஞ்சிகையும் வாங்கவில்லை.

வழி திறந்தது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. கபேன் கலந்த பானம் தீங்கானது என்று கொக்கா கோலா நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1911இல் விசாரணைக்கு வந்தது. கபேன் மனிதரின் சிந்தனைக்கும் செயலுக்கும் என்ன செய்கிறது என்று சோதித்துத் தரும்படி நிறுவனம் ஹரியைக் கேட்டது. முடிவு எதுவானாலும் வெளியிடுவேன் என்ற நிபந்தனையோடு அவர் இசைந்தார். சோதனைகளை நடத்துவதில் லீற்றாவும் பங்கெடுத்தார். கிடைத்த ஊதியம் லீற்றாவின் மேற்படிப்புக்குச் செலவானது. பல்கலைக்கழகம் மறுத்த பணத்தைச் சோடாப் போத்தல் கொடுத்தது என்று சொன்னால் தவறில்லை.

அந்தப் படிப்பால் விளைந்ததைப் பாருங்கள். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் அறிவுத்திறன் குன்றும் என்று அக்காலக் கல்விமான்கள் பலர் உறுதியாக நம்பினர். லீற்றா 23 பெண்களையும் ஒப்பீட்டுக்காக 2 ஆண்களையும் தொடர்ந்து சோதித்து, அவ்வாறான வீழ்ச்சி இல்லை என்று 1914இல் வெளியிட்டார். ஆண்களிடையே திறமை வேறுபாடு அதிகம், ஆகையால் மேதைகளும் ஆண்களே என்பது இன்னொரு கொள்கை. ஹெலன் மொன்ரேகுவுடன் சேர்ந்து 1,000 ஆண் சிசுக்களினதும் 1,000 பெண் சிசுக்களினதும் பிறப்பு அளவீடுகளை ஆராய்ந்தார். ஆண்களிடையே அப்படி மிகுந்த வேறுபாடு தென்படவில்லை. அவரது மேற்பார்வையாளர் எட்வேர்ட் தோண்டைக்கே அக்கொள்கையின் பக்கம் நின்றவர் என்பது எமக்குச் சுவையான செய்தி. 1916இல் லீற்றா கலாநிதிப் பட்டம் பெற்றார். கொலம்பியாவின் ரீச்சர்ஸ் கொலிஜில் பேராசிரியராக உயர்ந்தார். மீத்திறன் மிக்க பிள்ளைகளின் கல்வி பற்றி அவர் எழுதியவை அத்துறைக்கு அடித்தளமாயின.

1938இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம் கணவன் மனைவி இருவருக்கும் கௌரவப் பட்டமளித்தது. மறு ஆண்டு லீற்றா தமது 53ஆவது வயதில் மறைந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் செய்வதை ஹரியே செய்தார். மனைவி முடிக்காது விட்ட நூலை 1942இல் வெளிக்கொணர்ந்தார். மறுவருடம் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கொலம்பியாவில் அவர் பெயரால் ஒரு புலமைப்பரிசிலையும் நிறுவினார். நெப்ராஸ்காவில் பட்டம் பெற்று மேற்படிப்புக்கு வரும் பெண்களுக்கென்றே அது ஒதுக்கப்பட்டது. 1908இல் லீற்றா நின்ற அதே இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு!

எமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் ரியூசன் காசும் இலவசமல்ல. முதலாம் இடம் பெறுபவருக்குப் பரிசு வைப்பதை நாம் குறைசொல்லவில்லை. அப்படிப்பட்ட பரிசுகள் எம்மிடம் நிறையவே உள்ளன. ஆகவே நிதியம் அமைக்க எண்ணும் குடும்பத்தினர், தொகையோடு இன்னொன்றையும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்: உங்கள் அம்மாவின் படிப்பு எந்த இடத்தில், என்ன காரணத்தால் தடைப்பட்டது?