வார் பிடித்த கை

ஊர் ஊராய்ப் போகிற வித்வானுக்கு ஃபைபர் மிருதங்கம் தோதுதான். பலாக்கட்டையின் கனம் இல்லை. எருமைத்தோல் வாருக்குப் பதில் போல்ட்டு நட்டு. ஸ்பேனர் இருந்தால் தானே சுருதி கூட்டிக்கலாம். வார் பிடிக்க ஆள் வேண்டாம்.

அந்த ஆள் யார்? பாலக்காடு மணி அய்யருக்கு (1912–1981) மிருதங்கம் செய்த பர்லாந்து தலித் கிறிஸ்தவர். மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதம் பார்த்து நாதம் வரவழைத்தது அவர் போன்றோர் கை. கைதட்டல் மட்டும் மேடைக்கு. 2020இல் டி.எம். கிருஷ்ணா இந்த வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது.

கட்டை போச்சு, வார் போச்சு. போல்ட்டு மிருதங்கத்திலும் தோல் மூட்டு வேணும்னா அதே கையைத்தான் தேடணும். வாத்தியத்தோடு அந்தப் பேரையும் தூக்கிட்டுப் போனால் கனமா கூடிவிடும்?