குடிக்கணக்கு அட்டவணையும் எழுத்துணரியும்

ஊர் வரலாறு எழுதுவார்க்குக் கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் போலவே அச்சிட்ட குடிக்கணக்கு அட்டவணைகளும் சான்றாவன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் பழைய கணக்குகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத் தொகுதிகளுள் அடங்கியுள்ளன. 1901இல் பெரம்பலூரும் உடையார்பாளையமும் அம்மாவட்டத்தின் வட்டங்கள். அரியலூர் உடையார்பாளைய வட்டத்து ஊர். பெரம்பலூர் 1995இலும், அரியலூர் இறுதியாக 2007இலும் தனி மாவட்டங்களாயின.

இத்தொகுதிகளை மின்வருடியாற் படமாக்கி, எழுத்துணரி என்னும் மென்பொருளால் எண்களைப் பெற்று, விரிதாளில் அமைத்தல் இன்று எளிதாயிற்று. எனினும், இதனைப் பதிப்புப் பணியாகவே கொள்ளல் வேண்டும் என்பது எம் துணிபு.

இதில் நேரும் பிழை இருவகைத்து. ஒன்று உருவப்பிழை. சுவடியில் ககர எழுத்தும் ஒன்றென்னும் எண்ணும் ஓருருவின. இடம் நோக்கியே பொருள் துணிகிறோம். தேய்ந்த அச்சில் 3, 8 ஆகியவையும் அவ்வாறே மயங்கும். ஓர் ஊரில் ஆடவர் 318, மகளிர் 331, மொத்தம் 649 எனக் கொள்வோம். கருவி 318ஐ 818 எனப் படிப்பின், கூட்டுத்தொகை 1149 ஆகும். மிகுதி 500 ஆதலின், நூறாம் இடத்துப் பிழை தானே வெளிப்படும்.

மற்றையது இடப்பிழை, இதுவே கொடிது. ஊர்வாரி அட்டவணையில் குடியில்லா ஊர்க்கு எதிரே எண் இராது. அவ்வெற்றிடத்தைக் கருவி விட்டுவிடின், அடுத்த ஊரின் எண்கள் ஒரு வரி மேலேறும். அப்போதும் வட்டத்தின் மொத்தம் மாறாது. கூட்டிப் பார்ப்பவர் ஐயுறார். பாழூரில் மக்கள் வாழ்ந்ததாகவும், வாழ்ந்த ஊர் பாழானதாகவும் பொய் வரலாறு பிறந்துவிடும். ஆதலின், ஒவ்வொரு வரியையும் அதன் ஊர் எண்ணோடு ஒப்புநோக்கல் இன்றியமையாதது.

அச்சிலேயே பிழை இருப்பின், மூல எண்ணை மாற்றாது வைத்து, திருத்தத்தைத் தனி நிரலிற் காட்டுக. பாடவேறுபாடு காட்டும் பதிப்பாசிரியர் நெறியும் அதுவே. அவ்வாண்டின் வட்டப் பெயரையும் தனி நிரலில் இடுக. 1901இன் பெரம்பலூர் வட்டமும் இற்றைப் பெரம்பலூர் மாவட்டமும் பெயரால் ஒன்றேனும் எல்லையால் வேறு. பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒரு நிரலிற் சேர்ப்பின், எல்லை மாற்றம் மக்கட் பெருக்கமாகத் தோன்றும். இதனைத் தெளிந்து அமைத்த விரிதாளே ஆய்வுக்குச் சான்றாகும் தகுதியுடையது.