தலைக்கு மேலே இரும்பு

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், நீராவிப் படகுகளைப் பழுதுபார்க்க 1884-இல் ஒரு சிறு பட்டறை எழுந்தது. 1934-இல் அது கம்பெனியாயிற்று. 1960-இல் மத்திய அரசு வாங்கியது. மறு வருஷமே, சுதந்திர இந்தியாவில் கட்டிய முதல் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். அஜய் அங்கிருந்து கடற்படைக்குப் போனது.

கட்டிய கைகளின் கணக்கு வேறோர் ஏட்டில் இருக்கிறது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை அது. அன்று அச்சானபடி, வலது கை முழங்கைக்கு மேல் போனால் சம்பாதிக்கும் திறனில் 70 சதவீதம் இழப்பு. இடது கை 60, கட்டைவிரல் 25, ஆள்காட்டி விரல் 10. இந்த ஆற்றங்கரையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். கை எப்படிப் போயிற்று என்று அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் கப்பலின் பக்கவாட்டில் வெல்டிங், பெயிண்டிங் எல்லாம் மூங்கில் சாரத்தில் நின்றுதான். கால் தவறினால் ஆள் கீழே. ஆளைக் கூடையில் வைத்துத் தூக்கும் பூம் லிஃப்ட் வந்ததும் அந்தக் கூடைக்குள் நின்று பெல்ட் மாட்டிக்கொண்டார்கள். விழுகிற பயம் பெருமளவு குறைந்தது. ஆனால் மேலே இரும்பு இருக்கிறதே! கப்பலின் முகப்பு வெளியே சரிந்து நிற்கும். அதன் கீழ் வெல்டர் வேலையிலேயே கண்ணாகக் கூடையை உயர்த்துவார். முதுகு தகட்டில் முட்டும். உடம்பு முன்னால் சாய்ந்து கன்ட்ரோல் பலகையில் விழும். நெஞ்சே லீவரை அழுத்த, கூடை மேலும் ஏறும். கத்துவதற்கு மூச்சு இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு யார்டில் இப்படித்தான் ஒருவர் மாட்டிக்கொண்டார். கீழேயும் ஒரு கன்ட்ரோல் உண்டு. அங்கே நின்ற பையனுக்கு அதைத் தொடவே பயம். கிழட்டு மிஸ்திரி ஒருவர் "நாமாவ், நாமாவ்" (இறக்கு, இறக்கு) என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, சாவியைத் தரைப்பக்கம் திருப்பிக் கூடையை இறக்கினார். விலா எலும்புகள் முறிந்தன, உயிர் தங்கியது.

2020 ஆகஸ்ட் 1-ஆம் தேதி விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் சோதனை ஓட்டத்தில் கிரேன் சரிந்து 11 பேர் இறந்தது நாடெங்கும் செய்தியானது. கூடையில் ஒற்றை ஆளாக நசுங்குகிறவரைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

நெஞ்சு பட்டதுமே லிஃப்டை நிறுத்தும் தடுப்புக் கம்பி இப்போது கிடைக்கிறது. யார்டுகள் அதை வாங்கிப் பொருத்தட்டும். அதோடு, ஷிஃப்ட் தொடங்கும் முன் கீழே நிற்பவர் தன் கையாலேயே கூடையை ஒருமுறை இறக்கிக் காட்ட வேண்டும். தினமும். ஒப்பந்த ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்றுக் கற்றுக்கொண்ட பையன் இன்று வேறு யார்டில் இருப்பான்.