பிடிமண் இல்லாத குதிரை

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அருங்காட்சியகத்துல நாட்டுப்புறக் கலைக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தேன். கூட அம்மாச்சியும் வந்தாங்க. அவங்களுக்குச் சொந்த ஊர் காரியாபட்டி பக்கம். மதுரையில இருந்து அருப்புக்கோட்டை போற வழியில வருமே, அந்தக் காரியாபட்டிதான்.

ஹால் நடுவுல ஒரு சுடுமண் குதிரை நின்னுச்சு. ஆள் உயரம் இருக்கும். மேல லைட், சுத்திக் கயிறு. பக்கத்துல ஒரு அட்டை: 'சுடுமண் குதிரை, தமிழ்நாடு, 20-ஆம் நூற்றாண்டு'. அம்மாச்சி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. படிச்சேன். "அவ்வளவுதானா? யாரு வேலைன்னு போடலையேப்பா. எந்த ஊருப் பிடிமண்ணுன்னும் போடலை" அப்படின்னாங்க.

அந்த 'பிடிமண்'ங்கிற வார்த்தையைப் பத்தித்தான் இந்த எபிசோடு.

மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கிராமங்கள்ல அய்யனாருக்குப் புரவி எடுப்புன்னு ஒரு திருவிழா நடக்கும். புரவின்னா குதிரை. மழை பெய்யணும், குழந்தை பிறக்கணும், ஊர் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டு மண் குதிரை செஞ்சு அய்யனாருக்கு விடுறது. எடுக்கணும்னு ஊர் கூடி முடிவு பண்ணினதும், ஒரு பிடி மண்ணை அள்ளி வேளார் கையில கொடுப்பாங்க. வேளார்னா குயவர். பல அய்யனார் கோயில்கள்ல அவங்கதான் பூசாரியும். மண்ணைக் கையில வாங்கிட்டார்னா வேலையை ஏத்துக்கிட்டார்னு அர்த்தம். அக்ரிமென்ட் பேப்பரெல்லாம் கிடையாது.

அப்புறம் கண்மாய்ல இருந்து களிமண் வரும். மணல், உமி எல்லாம் கலந்து காலால மிதிச்சுப் பதம் பண்ணுவாங்க. நாலு காலையும் குழாய் மாதிரி தனித்தனியா எழுப்பி, அது ஓரளவு காய்ஞ்ச பிறகுதான் மேல வயிறு. ஈரத்தோட ஏத்தினா பாரம் தாங்காம உட்கார்ந்துடும். கழுத்து, தலை, கழுத்து மணி, சேணம் எல்லாம் கடைசியில. உள்ளே முழுக்கக் கூடு. இல்லைன்னா சூளையில வெடிச்சுடும். சுட்டு முடிச்சு வண்ணம் பூசி, திருவிழா அன்னைக்குக் கண் திறப்பாங்க. அதுவரைக்கும் அது மண் பொம்மை, அதுக்கு மேல சாமியோட வாகனம். தோள்ல தூக்கிட்டுப் போய் கோயில்ல நிறுத்திட்டு ஊர் திரும்பிடும்.

அதுக்கப்புறம்? ஒண்ணும் கிடையாது. வெயில், மழை, ஆடு மாடு. கொஞ்ச வருஷத்துல காது விழும், அப்புறம் ஒரு கால் போகும். யாரும் ஒட்ட வைக்க மாட்டாங்க, தூக்கியும் போட மாட்டாங்க. பழைய கோயில்கள்ல பின்பக்கம் போய்ப் பாருங்க. முன்வரிசையில வண்ணத்தோட குதிரை, அதுக்குப் பின்னால வெளுத்தது, அதுக்கும் பின்னால வெறும் முண்டம், கடைசியில ஓடு. அடுத்த தடவை ஊர் கூடும்போது மறுபடியும் பிடிமண், புதுக் குதிரை. குதிரை உடையுறதாலதான் அதைச் செய்யத் தெரிஞ்ச குடும்பம் அந்தத் தொழில்லயே இருக்கு. அப்பா செய்யும்போது பையன் மண் மிதிக்கிறான், அடுத்த புரவி எடுப்புக்கு அவனே கால் எழுப்புறான்.

இப்போ மியூசியத்துக்கு வருவோம். அதோட வேலையே உடையாமப் பார்த்துக்கிறது. 1851-ல ஆரம்பிச்ச சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885-ல இருந்து 1908 வரைக்கும் எட்கர் தர்ஸ்டன்னு ஒருத்தர் கண்காணிப்பாளரா இருந்தார். 1909-ல ஏழு தொகுதியா வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' அவர் எழுதினதுதான். மூக்கு எவ்வளவு நீளம், மண்டை எவ்வளவு அகலம்னு சாதி வாரியா மக்களை அளந்தவர். அந்தக் காலத்துல கிராமத்துப் பொருள்னா அது ஒரு குலத்தோட மாதிரிச் சரக்கு. செஞ்ச ஆளுக்கு அதுல இடமே இல்ல. 1968-ல அமெரிக்காவுல பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துல ஸ்டெல்லா கிராம்ரிஷ் நம்ம நாட்டுக் கிராமிய, பழங்குடிச் சடங்குக் கலைக்குப் பெரிய கண்காட்சி வெச்சாங்க. இதை அழகுப்பொருளா மட்டும் பார்க்காம சடங்கோட சேர்த்துப் பார்க்கணும்னு காட்டின முக்கியமான முயற்சி அது. ஆனா தலைப்பு 'அறியப்படாத இந்தியா'. யாருக்கு அறியப்படாததுன்னு அம்மாச்சி கண்டிப்பா கேட்டிருப்பாங்க.

விதிவிலக்கும் உண்டு. ஸ்டீபன் இங்கிலிஸ்னு ஒரு கனடாக்காரர் மதுரை வட்டாரத்து வேளார்களோட வேலையைக் கிட்ட இருந்து பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். 1980-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டுச்சு. பின்னாடி கனடிய நாகரிக அருங்காட்சியகத்துல வேலை பார்த்தார். இன்னைக்கு அதுக்குப் பேர் கனடிய வரலாற்று அருங்காட்சியகம். அவரே கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவைப் பத்தியும் எழுதியிருக்கார். நாடகத்துக்குத் திரைச்சீலை வரைஞ்சு, அப்புறம் சிவகாசியில அச்சான சாமி காலண்டர் படங்களால தமிழ்நாடு முழுக்கப் பல வீட்டுப் பூஜை அறைக்குள்ள போனவர் கொண்டையராஜு. காலண்டரும் ஒரு வருஷத்துல கழட்டிப் போடுற சரக்குதான். ஆனா படத்து ஓரத்துல அவர் கையெழுத்து இருக்கும். அதனால நாம அவரைத் தேடிப் போக முடியுது. மண் குதிரையில யாரு கையெழுத்துப் போட்டா?

பானையில பேர் எழுதுற பழக்கம் நமக்கு இல்லாம இல்ல. காரியாபட்டியில இருந்து கீழடி ஒண்ணும் ரொம்பத் தூரம் கிடையாது. 2023 மார்ச் 5-ல திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனீங்கன்னா, தமிழி எழுத்துல ஆதன், குவிரன்னு கீறின பானை ஓடுகளைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஓட்டுல ஆள் பேர். போன நூற்றாண்டுக் குதிரைக்கு 'தமிழ்நாடு'. ஊரில் அது யார் வேலைன்னு எல்லாருக்கும் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்ல. லாரியில ஏறினப்போதான் அந்தப் பேர் கீழே விழுந்துச்சு.

அட்டையில பேர் போட்டா பிரச்சினை தீர்ந்துடும்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். போன வருஷம் அம்மாச்சியோட ஊருக்குப் போனேன். கோயில்ல ரெண்டு பெரிய சிமென்ட் குதிரை, நீலமும் மஞ்சளுமா பளபளன்னு. நல்லாத்தான் இருக்கு, கிண்டல் பண்ணலை. உடையாது, திரும்பத் திரும்பச் செலவு இல்ல. அதனால பிடிமண்ணும் இல்ல. யோசிச்சா, மியூசியம் குதிரைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டும் நிக்குது. நிக்குற வரைக்கும் வேளாருக்கு வேலை இல்ல.

வேளார் வீட்டுக்கும் போனோம். கார்த்திகைக்கு அகல்விளக்கு போட்டுக்கிட்டு இருந்தார். பெரிய கஷ்டமே மண்ணுதான்னார். 2024-ல கண்மாய் மண் எடுக்கத் தாலுகா அளவிலேயே அனுமதி வாங்கலாம்னு அரசாங்கம் வழியை எளிமையாக்குச்சு. "அது நல்லதுதான். மண்ணு கிடைச்சாலும் குதிரை கேட்டு ஆள் வரணுமே" என்றார். அட்டையில உங்க பேர் போடணுமா வேணாமான்னு கேட்டேன். சிரிச்சார். "போட்டா சந்தோஷம்தான் தம்பி. அதுக்குப் பதிலா அந்த மியூசியம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு ஒண்ணு கேட்டா, என் மகன் டவுனுக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டான்."

நான் பார்த்த வரைக்கும் எந்தக் கண்காட்சியும் இப்படி யோசிக்கலை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுல கைவினைஞர் உட்கார்ந்து வேலை செய்யறதையாவது கிட்ட நின்னு பார்க்கலாம். குதிரையை மழையில விட்டுட்டு, உடைஞ்சதும் அதே குடும்பத்துக்கு மறுபடி சொல்லி அனுப்புற மியூசியத்தை நான் பார்த்ததில்ல.

கிளம்புறப்போ திண்ணையில ரெண்டு சின்னக் குதிரையைக் காட்டினார். ஒரு ரிசார்ட்டுக்காரங்க வாசல்ல வைக்கக் கேட்டதாம். அம்மாச்சி குனிஞ்சு முகத்தைப் பார்த்தாங்க. "கண்ணு திறந்தாச்சா?"

"இல்லத்தா" என்றார். "பிடிமண்ணு கொடுக்கலையே. சும்மா மை வெச்சு விட்டிருக்கேன்."