பூட்டிக் கிடந்த அச்சகம்

அச்சு இயந்திரம் எதனால் ஓடுகிறது? காகிதத்தாலா, மையாலா, மின்சாரத்தாலா? மூன்றும் வேண்டும்தான். ஆனால் மூன்றும் இருந்தும் அச்சகங்கள் மூச்சற்றுக் கிடந்த நாட்களை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் கண்டன. 2020 மார்ச்சு 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் தடையாணை. மறுநாள் முதல் நாடெங்கும் பொதுமுடக்கம். காகிதக் கட்டு அலமாரியில் இருந்தது. மை டப்பாவில் இருந்தது. இல்லாமற் போனது ஒன்று, மக்கள் கூட்டம்!

தோழர்களே, சிற்றூர் அச்சகத்தின் பிழைப்பு கூட்டத்தை நம்பியது. மணவிழாவுக்கு அழைப்பிதழ், திருவிழாவுக்குச் சுவரொட்டி, கடை திறப்புக்குப் பிட் நோட்டீசு, பள்ளிக்கு வினாத்தாள், மறைந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி. நாலுபேர் கூடுகிற இடமெல்லாம் அச்சகத்தானுக்கு நாலு காசு. அதிலும் அந்த அடி விழுந்த காலத்தைப் பாருங்கள்! பங்குனித் திங்கள். சித்திரை, வைகாசித் திருமணங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கும் காலம். திருவில்லிபுத்தூரிலே பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவின் பருவமும் அதுவே. மண்டபம் மூடிற்று, கோயில் மூடிற்று, பள்ளி மூடிற்று. அடித்து வைத்த அழைப்பிதழிலே இருந்த நாள் பொய்யாயிற்று. வாங்க வேண்டியவர் வரவில்லை. பின்னர்த் திருமணத்துக்கு ஐம்பது பேர், இறுதி ஊர்வலத்துக்கு இருபது பேர் என்று வரம்பு வந்தது. ஐம்பது பேரை அழைக்க அழைப்பிதழ் எதற்கு? கைப்பேசியிலே ஒரு படம் போதும் என்று வீட்டார் கற்றுக்கொண்டனர். கற்ற சிக்கனத்தை மறப்பார் யார்?

பக்கத்துச் சிவகாசியின் நிலையும் வேறல்ல. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சீட்டு அடிக்கத் தொடங்கி, நாட்டுக்கே நாட்காட்டி அடிக்கும் ஊராக வளர்ந்த ஊர் அது. ஆடிப் பதினெட்டாம் நாள் புதிய ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது அங்கே வழக்கம். அன்பளிப்பாக நாட்காட்டி தரும் வணிகனே கடை மூடிக் கிடந்தால், கேட்பது யார்?

கடன் வாங்கி ஆப்செட் இயந்திரம் நிறுத்தியவனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு சலுகை அறிவித்தது. தவணைக்கு முதலில் மூன்று திங்கள் ஓய்வு. பிறகு ஆகஸ்டு முடிய நீட்டிப்பு. தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு அல்ல! இயந்திரம் உறங்கியது, வட்டி விழித்திருந்தது. பைண்டிங் செய்து நாட்கூலி வாங்கும் தொழிலாளிக்கோ தவணையும் இல்லை, சலுகையும் இல்லை. அரிசி அட்டைக்கு அரசு தந்த ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் உலைக்கு வரும்?

கொள்ளைநோயும் அச்சும் மோதிக்கொண்டது முதன்முறையன்று. 1897இல் பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளையர் அரசு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில், கேசரி இதழில் வந்த எழுத்துக்காகத் திலகர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டந்தான் 2020இலும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. இம்முறை ஆட்சியினர் அச்சத்தைவிட மக்கள் அச்சமே தாளைத் தாக்கியது. செய்தித்தாளைத் தொட்டால் நோய் ஒட்டும் என்று வதந்தி. வீட்டு வாசலிலே தாள் வேண்டாம் என்றனர் பலர். நாளிதழ் அச்சிடுவதையே தடுக்கக் கோரி ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றார். 2020 ஏப்ரலில் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. ஆய்ந்து பாராமல் அஞ்சும் பழக்கம் படித்தவரையும் விட்டுவைக்கவில்லை!

மார்ச்சு 27 அன்று தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளித் தள்ளிப் போய், சூன் 9 அன்று கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு எண்பது விழுக்காடும் வருகைக்கு இருபது விழுக்காடும் கொண்டு எல்லோரும் தேர்ச்சி. வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. நூற்பாலைத் தொழிலாளி வீட்டிலே கைப்பேசி இருந்தாலும் ஒன்று. அதுவும் தந்தையின் சட்டைப்பையில். மூன்று பிள்ளைகள் அதை எப்படிப் பங்கிடுவது? சூலையில் அரசு பாடநூல்களை வழங்கியபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே வகுப்பறை அச்சிட்ட தாள்தான்.

இங்கேதான் ஜெராக்ஸ் கடைக்காரர் வரலாற்றுக்குள் வருகிறார். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் என்பார் ஈர மையின்றி, மின்னூட்டமும் பொடியும் கொண்டு முதல் நகலை எடுத்தார். காப்புரிமை ஏடுகளைக் கையால் படியெடுத்துச் சலித்த மனிதர் அவர். அந்தச் சலிப்பின் பயனை நம் ஊர் ஏழை 2020 மே திங்களில் நுகர்ந்தான். தனிக்கடைகள் திறக்க இசைவு வந்ததும், மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டு நின்றவர்களுக்கு விண்ணப்பம் போட்டுத் தந்தவர்கள் அவர்கள்தாம். ஆசிரியர் கைப்பேசியில் அனுப்பிய பாடத்தைத் தாளாக்கித் தந்தவர்களும் அவர்களே. அப்போது நாம் கல்லூரி மாணவர். ஒருவர் குறிப்பைப் பத்துப் பேர் நகலெடுத்துப் படித்தோம். 2021இல் தடுப்பூசிச் சான்றிதழை லேமினேட் செய்ய அங்கே கூடினோர் பலர்.

ஆனால் 2021 மே 10 முதல் மறுபடி முடக்கம். சாவு மிகுந்த திங்கள் அது. சுவரிலே அஞ்சலி ஒட்டாமல் ஒருவரை அனுப்பி அறியாத தென்மாவட்டத்தில், பெயரும் படமும் தாளேறாமலே பலர் போயினர்.

அதன்பின் கூட்டம் திரும்பியது. தேர்தலும் வந்து போனது. காகித விலையோ ஏறி நின்றது. 2021 அக்டோபர் முதல் அட்டைப்பெட்டிக்கான வரி 12இலிருந்து 18 விழுக்காடாயிற்று. அழைப்பிதழ் இன்று மீண்டும் அடிக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குத் தாள், மற்றவருக்குக் கைப்பேசிப் படம் என்பதே இப்போதைய கணக்கு. எம் வகுப்பிலே வினாத்தாள் கொடுக்கும் நாளில் ஒரு பிள்ளை அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறது. அதன் அண்ணன் பத்தாம் வகுப்பைத் தேர்வெழுதாமலே கடந்தவன். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான்.